குசினிக் கதவுக்கு ஒரு குறுக்குத்தடி

ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு உடைத்துத் திருடிய செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. அதை வாசித்த கையோடு எங்கள் ஆட்கள் செய்வது இரண்டு வேலை: முன் மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவது, கமரா பூட்டுவது. கதவும் யன்னலும் செய்தே பிழைத்த தச்சன் நான். என் கண்ணுக்கு, காசு பிழையான இடத்தில் போகிறது. கள்ளனுக்கு வசதி வீட்டின் பின்பக்கமான கோடிப்புறம்தான். அவன் கை வைப்பது குசினிக் கதவில்.

தலைவாசல் கதவை முதிரையில் செய்து, பித்தளைப் பூட்டும் போடுவோம். குசினிக் கதவு மட்டும் மிஞ்சிய பலகையில் அடித்ததாக இருக்கும். அதற்கொரு சின்னத் திறாங்கு, அதாவது தாழ்ப்பாள். அதைப் பிடித்துக்கொண்டிருப்பதோ அரை அங்குல ஆணி. பலமாக ஓர் உதை விழுந்தால் திறாங்கு முறியாது, ஆணி பிடுங்குப்பட்டு வந்துவிடும். ஆகவே புதுப் பூட்டு வாங்கமுன், அந்தக் குட்டி ஆணிகளைக் கழற்றி, நிலைமரத்துக்குள் ஆழமாக இறங்கும் இரண்டு அங்குலப் புரியாணி போடுங்கள். நிலை உக்கியிருந்தால் அதுவும் பயனில்லை. முதலில் மரத்தை மாற்ற வேண்டும்.

அப்புறம் குறுக்குத்தடி. நிலையின் இரு பக்கமும் ஒவ்வோர் இரும்புக் கொளுக்கி அடித்து, படுக்கமுன் ஒரு பனஞ்சலாகைத் துண்டைக் கிடையாகப் போட்டுவிடுவது. உள்ளே திறக்கும் கதவுக்கு இதைவிட மலிவான காவல் எனக்குத் தெரியாது. வெளியே திறக்கும் கதவென்றால் தடியைக் கதவோடும் பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தடி அங்கே சும்மா கிடக்கும். அப்படிப்பட்ட கதவில் பிணைச்சலும் வெளியில்தான் இருக்கும். அதன் ஊசியைத் தட்டிக் கழற்ற முடியுமா என்று பாருங்கள்.

புது வீடுகளில் அலுமினியத் தள்ளு யன்னல். அதன் கொண்டியை நம்பாதீர்கள். பழைய தும்புத்தடியின் கம்பை அளவாக வெட்டிக் கீழ்த் தவாளிப்பில் படுக்க வைத்தால் யன்னல் நகராது. செலவு ஒன்றுமில்லை.

மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு கிளுவைக் கதியாலும் பனையோலையுமாக வேலி இருந்தது. யாராவது பிரித்து நுழைந்தால் காய்ந்த ஓலை சரசரக்கும், பக்கத்து வளவுக்காரருக்குக் கேட்கும். கருக்குமட்டை வேலியென்றால் காலும் கிழிபடும். இப்போது ஆளுயர மதில். ஏறிக் குதித்துவிட்டால் உள்ளே என்ன நடந்தாலும் ஒழுங்கையில் போகிறவருக்குத் தெரியாது. உச்சியில் பதித்த போத்தல் ஓடுகளும் மேலே ஒரு சாக்கை மடித்துப் போட்டால் பயனற்றுப் போகும். மதிலை இடிக்கச் சொல்லவில்லை. அதை நம்பிப் பின்கதவை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. அலவாங்கும் ஏணியும் கிணற்றடியில் கிடக்கும். கள்ளன் ஆயுதம் சுமந்து வரத் தேவையில்லை, நாங்களே எடுத்து வைத்திருக்கிறோம்.

எந்தத் தடையும் ஆளை முழுதாக நிறுத்தாது. சில நிமிடம் மறிக்கும், சத்தம் எழுப்பும். அதற்குள் வீட்டார் விழித்துவிடலாம், அயலைக் கூப்பிடலாம், பொலிஸை 119இல் அழைக்கலாம். அதே தடை எங்களையும் உள்ளே மறித்துவிடக் கூடாது. கிறில் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டுத் திறப்பை அலுமாரியில் ஒளித்து வைக்கிறார்கள். இரவில் தீப்பிடித்தால் என்ன செய்வது? தடி இருட்டிலும் ஒரு கையால் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. சாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டோடு எல்லோரும் கிளம்பும்போது, மற்றக் கதவுகளுக்கு உள்ளே தடி போட்டுவிட்டு, உறுதியான தலைவாசலால் மட்டும் வெளியேறுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் இங்கே தனியே என்ற வீடுகள் பல. கமரா வாங்கப் பணம் அனுப்பும் பிள்ளைகள் அந்தக் குசினிக் கதவைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊர்ச் சனசமூக நிலையத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளுக்குப் போய்க் கொளுக்கி அடித்துக் கொடுக்கலாம். மரம் அரியும் ஆலைகளில் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். எங்கள் பகுதியில் யாரும் தொடங்கினால், என் ஆயுதப் பெட்டியோடு நானும் வருகிறேன்.

ஓய்வுபெற்ற தச்சுத் தொழிலாளி,
கோண்டாவில்.