தோப்கானாவுக்குப் போன மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

தோப்கானாவில், அதுதான் நம் பீரங்கிப் படையில், உன் யூனிட்டைப் பற்றிப் போனில் கேட்டாயே, அதற்கு அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "பேட்டரி கமாண்டர் எந்நேரமும் காலாட்படைக்காரங்களோடவே இருக்கார்ப்பா. அப்போ நாங்க யாரோட ஆளு?" தேவ்லாலி பீரங்கிப் பள்ளிக் கோர்ஸில் இதை போர்டில் போட்டுக் காட்டுவார்கள். அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

ரெஜிமென்ட்டுக்கு மூன்று பேட்டரி, பேட்டரிக்கு ஆறு பீரங்கி. ஏன் மூன்று? காலாட்படை பிரிகேடில் மூன்று பட்டாலியன், ஆளுக்கு ஒரு பேட்டரி. டிவிஷனில் அப்படி மூன்று பிரிகேட் என்றால் மூன்று ஃபீல்டு ரெஜிமென்ட், ஆக 54 பீரங்கி. இன்னும் பெரிய பீரங்கி வைத்திருக்கும் மீடியம் ரெஜிமென்ட் அது போக. எல்லாம் ஒரே ஆர்ட்டிலரி பிரிகேடின் கீழ்.

பேட்டரி கமாண்டர் பட்டாலியன் தலைவரான சிஓவின் பக்கத்திலேயே இருப்பார். உன்னை மாதிரி இளசுகள் ஓபியாக, அதாவது இலக்கைப் பார்த்துச் சொல்கிறவராக, கம்பெனியோடு முன்னால் போகவேண்டும். பீரங்கிகள் பல கிலோமீட்டர் பின்னால். அதனால் பட்டாலியன்காரன் "என் பேட்டரி" என்றுதான் பேசுவான். பேசட்டும். கடிவாளம் ஆர்ட்டிலரி பிரிகேடியரிடம். பக்கத்துப் பட்டாலியன் மாட்டிக்கொண்டால் உன் பேட்டரி நின்ற இடத்திலிருந்தே குழலைத் திருப்பும். 105 எம்எம் பீரங்கி 17 கிலோமீட்டர் எட்டுமே! எட்டுகிற தூரத்தில் இருக்கிற அத்தனை குழலின் குண்டும் ஒரே இலக்கில் விழும். அதற்காகத்தான் அந்த ஆர்ட்டிலரி பிரிகேட். பீரங்கியை ரிசர்வ் என்று சும்மா நிறுத்திவைக்கிற வழக்கம் தோப்கானாவில் இல்லை. 1999இல் கார்கிலில் இரண்டரை லட்சத்துக்கு மேல் குண்டுகள் போனது இப்படிச் சேர்த்துச் சேர்த்துச் சுட்டதில்தான். திராஸில் பாயின்ட் 5140 சிகரத்துக்கு 2022இல் 'கன் ஹில்' என்று பெயர் வைத்தார்களே, அன்றைக்கு உன் அம்மாவிடம் சொல்லிப் பாயசம் வைக்கச் சொன்னேன். மலையைப் பிடித்தவன் பெயர் நிற்கும், பின்னாலிருந்து சுட்டவனை யார் நினைப்பார்கள் என்று இருந்தவன் நான்.

ஒன்று சொல்லவேண்டும். நான் நம்பர் ஒன்னாக, அதாவது ஒரு பீரங்கிக்குப் பொறுப்பாளனாக, இருந்தபோது சுடும் பயிற்சி ரேஞ்சில் ஒரு சாயங்காலம், ரெஜிமென்ட் முழுக்க ஒரே இலக்கு. என் பீரங்கியைக் குறிவைக்கிற லேயர், கோணம் வைக்கும் டயல் சைட்டில் 100 மில் தப்பாக வைத்துவிட்டான். நான் கவனிக்கவில்லை. வட்டத்துக்கு 6400 மில்லில் 100 என்ன பெரிசு என்று தோன்றும். பத்து கிலோமீட்டரில் அது ஒரு கிலோமீட்டர் விலகும். கன் பொசிஷனில் நின்ற சின்ன வயது லெப்டினன்ட் வரிசையைப் பின்னாலிருந்து நடந்து பார்த்தவர், சட்டென்று "ஸ்டாப்" என்றார். ஐந்து குழல் ஒரு பக்கம், என்னுடையது மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வேறு பக்கம். அந்த நடையை நீயும் நட. கருவி எத்தனை வந்தாலும் நட.

2023 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து ஐந்து பெண் அதிகாரிகள் முதன்முதலாகப் பீரங்கிப் படைக்குப் போன செய்தியை அம்மா கத்தரித்து வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு அத்தை "பொம்பளப் புள்ளைக்குப் பீரங்கியா?" என்றால் அதைத்தான் நீட்டுகிறாள்.

மோர்மிளகாய் பார்சலில் வருகிறது. செப்டம்பர் 28 கன்னர்ஸ் டே அன்று படாகானா விருந்து முடிந்ததும் போன் பண்ணு. எங்கே இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன்.

அப்பா