பினாங்கிலிருந்து அக்காவுக்கு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பாடு எப்படி, வெண்புள்ளிக்கு வைத்தியம் நடக்கிறதா, தங்கச்சி நிச்சயத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே கேட்டிருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். அம்மா பக்கத்தில் நிற்பார் என்றுதான் எழுதினாய் என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது.

சாப்பாட்டுக்கு இங்கே குறைவில்லை. நான் வேலை பார்க்கும் சேலைக்கடை மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், கொஞ்சம் நடந்தால் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு. நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருவார்கள். அம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "பசியாறிட்டியா தம்பி?" என்பார், அடுத்த மூச்சில் என் கையைப் பிடித்துத் திருப்பி, வெண்புள்ளி பரவியிருக்கிறதா என்று பார்ப்பார். மீனும் தயிரும் சேர்த்துத் தின்றாயா என்று ஒரு விசாரணை வேறு. அறந்தாங்கியில் கேட்டுப் புளித்த கேள்வி கடல் தாண்டியும் வந்துவிட்டது! ஒருநாள் கார்போக அரிசி எண்ணெய் கொடுத்தார். தோல் டாக்டரிடம் கேட்டேன். அந்த விதையில் சோரலென் என்கிற மருந்துப் பொருள் இருப்பது உண்மைதானாம், அதை வைத்து மருத்துவமும் உண்டாம். ஆனால் அளவு தெரியாமல் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துவிடும் என்றார். பாட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. புட்டி அலமாரியில் இருக்கிறது.

கடையில் சேலையை விரித்தால் வந்தவர் கண் சேலையில் இருக்காது, என் விரலில் இருக்கும். "ஒட்டுமா?" "பிறவியிலேயா?" "கல்யாணம் ஆச்சா?" முன்பெல்லாம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறம் தரும் செல்களை அழிக்கிறது, குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 100 பேரில் சுமார் ஒருவருக்கு இருக்கிறது என்று முழுப் பாடமும் நடத்துவேன். கேட்டுவிட்டு இன்னும் நாலு கேள்வி கேட்பார்கள். இப்போது, "ஒட்டாதும்மா. பார்டர் பெரிசா வேணுமா, சின்னதா?" அவ்வளவுதான். ஒட்டுமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், பயந்து கேட்கிறார்கள். மற்றதெல்லாம் எதற்கு? சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினால் யாரும் கோபிப்பதில்லை. முதலாளி மட்டும் முழுக்கைச் சட்டை போடச் சொல்கிறார். இந்தப் புழுக்கத்திலா? வெயிலில் போகும்போது போட்டுக்கொள்கிறேன். புள்ளி இருக்கும் இடம் சீக்கிரம் கன்றிவிடுகிறது.

ஒளி சிகிச்சையைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போகவேண்டும், நேரம் ஒத்துவரவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் கட்டணம் கூடுதல்தான், ஆனால் அதற்காக இல்லை. அம்மாவிடம் சொல்லாதே.

போன வாரம் பாவாடை எடுக்க வந்த குட்டிப்பெண், "அங்கிள், கையில பால் கொட்டிக்கிட்டீங்களா?" என்றாள். அவள் அம்மா பதறி அவள் வாயைப் பொத்தினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர்கள் போனபின் கிடங்கில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் கயல் பேனாவை எடுத்து என் புள்ளிகளைச் சுற்றி வரைந்து, இது ஆடு, இது முயல் என்று பேர் வைப்பாளே. இப்போது அவள் எந்த வகுப்பு? எழுதவே மாட்டேன் என்கிறாய்.

சரி, நம் தங்கச்சி விஷயம். நிச்சயத்துக்கு நான் வராமல் இருப்பது நல்லது என்று அத்தை சொன்னாராமே. லீவு கிடைப்பதே சந்தேகம், அது வேறு. ஆனால் மறைக்காதே. "தம்பிக்கு வெண்புள்ளி, ஒட்டாது, இவளுக்கு இல்லை" என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. பரம்பரையா என்று கேட்டால், கூடப்பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வந்தே தீரும் என்றில்லை. டாக்டர் சொன்னது இது. அதற்கு மேல் எங்கெங்கே இருக்கிறது, என்ன மருந்து என்று தோண்டினால் அத்தான் காபி கொண்டுவரச் சொல்லட்டும். இதற்காகப் பின்வாங்குகிறவர்கள் போகட்டும், அக்கா.

கூட்டுறவு சங்கத்தில் அடகில் இருக்கும் அம்மா வளையலுக்கு இந்த மாத வட்டியை மட்டும் அத்தானைக் கட்டச் சொல். முதலாளி கணக்கு முடிக்கத் தாமதம், வந்ததும் அனுப்புகிறேன். அத்தைமேல் எனக்குக் கோபமில்லை என்று சொல். தரகரிடம் கொடுத்த குடும்பப் போட்டோவில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இத்துடன் என் படம் ஒன்று வைத்திருக்கிறேன், கை தெரிகிற மாதிரி எடுத்தது. அதையும் சேர்த்துக் கொடு.

உன் தம்பி