மடுவத்துத் தராசு

மஸ்கெலியா

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் உன்னை விசாரிக்காத நாள் இல்லை. மழை இல்லாமல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நன்றாக வற்றிக் கிடக்கிறது. பழைய டவுன் வெளியே தெரிகிறது.

போன ஞாயிறு தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கி நடந்தேன். 1969இல் அணை கட்டியபோது மூழ்கிய இடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் மிச்சமும் பார்த்தோம். அவற்றைவிட எனக்கு மனதில் நின்றது ஒரு படிக்கட்டுதான். நான்கே படி, மேலே ஒன்றும் இல்லை. படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. "இது வீடா கடையா பெரியப்பா?" என்று கேட்டவன், நான் வாய் திறக்கும் முன்னே, "வீடென்றால் இவ்வளவு தேயாது, நிறையப் பேர் ஏறியிருக்கிறார்கள்" என்று அவனே சொல்லிவிட்டான்.

நீ கேட்டிருந்தாயே, இந்த வயதிலும் பாதாள அறை கேம்களில், பொறியும் புதிருமாக இருக்கும் அறைகளுக்குள் வழி தேடும் அந்தக் கணினி விளையாட்டுகளில், அப்படி என்ன இருக்கிறது என்று. அந்தப் படிக்கட்டுதான் இருக்கிறது மச்சான். யாரும் கதை சொல்லவில்லை. இடத்தைப் பார்த்து நாமே கண்டுபிடிக்கிறோம்.

2011இல் வந்த டார்க் சோல்ஸில் சென் கோட்டை என்று ஒரு இடம். உள்ளே நுழைந்ததும் ஒரு தரைக்கல் காலுக்கடியில் இறங்கும், எதிர்ச்சுவரிலிருந்து அம்பு பாயும். சரி, தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்று அப்போதே படித்துக்கொள்கிறோம். அப்புறம் ஒரு லிஃப்ட் வருகிறது. ஏறி நின்று சும்மா இருந்தால், மேலே போய்க் கூரையில் இருக்கும் கூர்முனைகளில் நசுங்கிச் சாக வேண்டியதுதான். ஆனால் லிஃப்டின் தரையில் இரத்தக் கறை முதலிலேயே இருக்கிறது. நமக்கு முன்னே இங்கே ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்ற கதையும் அதுதான், தப்பிக்கிற வழிக்கான துப்பும் அதுதான். இரண்டையும் ஒரே கறையில் வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்காமல் ஏறிச் செத்தேன். ஆனால் கேம் மேல் கோபம் வரவில்லை, பார்த்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அதே கேமில் வெகுதூரம் சுற்றி அலைந்த பிறகு ஒரு லிஃப்டில் இறங்கினால், புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்போம். ரோட்டால் வளைந்து வளைந்து வந்தவனுக்குத் தேயிலைக்குள் குறுக்கு தெரிந்த மாதிரி. நீயும் நானும் பள்ளிக்கூடம் விட்டு அப்படித்தானே இறங்குவோம்.

இந்த வகைக்கு முன்னோடிகளில் ஒன்று 1987இல் அட்டாரி எஸ்டி கணினியில் வந்த டன்ஜன் மாஸ்டர். தீப்பந்தம் எரிந்து மங்கும், தண்ணீர் தீரும், தரைக்கல்லை அழுத்தி வைக்கக் கையில் இருக்கும் பொருளை அதன் மேல் போட வேண்டும். அந்த வழியில் பின்லாந்தில் நான்கு பேர் சேர்ந்து 2012இல் வெளியிட்டது லெஜெண்ட் ஆஃப் கிரிம்ராக். ஒவ்வொரு தளமும் 32க்கு 32 கட்டம். நமக்கு முன்னே அங்கே தள்ளப்பட்ட கைதி ஒருவன் எழுதிப் போட்ட குறிப்புகள் வழியில் கிடைக்கும். அவனைப் பார்க்காமலே அவனோடு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. எனக்கு அதில் பிடிக்காததும் உண்டு. சுவரில் ஒளித்து வைத்த சின்னப் பொத்தான்களைத் தேடித்தேடிக் கண் வலிக்கும். அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் எதற்காக அப்படி ஒரு பொத்தான் வைத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

அதனால்தான் நானே ஒன்று வரைய ஆரம்பித்திருக்கிறேன். கட்டம் போட்ட கொப்பியில்தான். இடம், கைவிடப்பட்ட ஒரு கொழுந்து மடுவம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. முதல் அறையில் ஒரு தராசும் ஐந்து கிலோ என்று பொறித்த கல்லும். கல்லை வைத்தால் முள் இரண்டில் நிற்கும். அவ்வளவுதான், ஆபத்து இல்லை, கதவும் இல்லை. இரண்டாவது அறையில் தராசு பதினெட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். பதினெட்டுக் கிலோ வைத்தால் பதினைந்துதான் காட்டும். பக்கத்துச் சுவரில் கரியால் இரண்டு வரிசைக் கோடுகள். மேலே இருப்பது சுமந்து வந்தவர்கள் போட்ட கணக்கு, கீழே கணக்கப்பிள்ளை எழுதிய கணக்கு. ஒவ்வொன்றிலும் மூன்று குறைகிறது. இருபத்தொன்று வைக்க வேண்டும் என்று விளங்கும்போது, அந்த மடுவத்தில் என்ன நடந்தது என்பதும் விளங்கிவிடும். எங்கேயும் ஒரு வரி வசனம் கிடையாது.

அம்மா அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி மட்டும், வாங்கிக்கொண்டு வந்த நாட்களில் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து விரல் மடித்துக் கணக்குப் பார்ப்பது உனக்கும் ஞாபகம் இருக்கும். சுமை அவ தலைக்குத் தெரியும், தராசுக்குத் தெரியாது. கொப்பியைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூன்றின் மேல் விரலை வைத்து, "மழை நாளில் நாலு" என்றா. ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் என்று இன்னொரு கிலோ கழிப்பார்களாம். எனக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது அறையை அன்று இரவே அழித்து வரைந்தேன். அங்கே சுவரில் கணக்கு இல்லை. கூரைத் தகரம் ஒழுகுகிறது, தராசுத் தட்டு நனைந்திருக்கிறது. கழிவு எவ்வளவு என்று விளையாடுபவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு கிலோ என்று அவனுக்கு எட்டுமா, இல்லை நான் அநியாயமாக ஒளித்து வைக்கிறேனா என்பதுதான் என் சந்தேகம். ஒழுகும் தண்ணீருக்குக் கீழே சின்னத் தராசு இன்னொன்று வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

உனக்கு விடை தெரிந்துவிட்டது, ஆகவே நீ உதவமாட்டாய். உன் மகளிடம் படத்தைக் கொடு, ஒன்றும் சொல்லாதே. எந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றாள், எதைத் திரும்பிப் பார்த்தாள் என்று மட்டும் எழுது. மூன்று பக்கமும் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கூட்டாளி