செயலாளர் ஆண்டறிக்கை 2025: பழைய கணினிகளும் அவற்றில் ஓடும் கணக்குகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம். பழைய கணினிகளையும் அவற்றின் நிரல்களையும் காத்துவரும் நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே நான் நேராக வேலைக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நம்மைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே காரணத்துக்காக வந்தார்கள். அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. 32 பிட் பதிப்பு உள்ள கடைசி விண்டோஸ் அதுதான். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் நிரல்களையும் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களையும் ஓட்டிவந்த ‘என்டிவிடிஎம்’ என்ற பகுதி 32 பிட் விண்டோஸில் மட்டுமே உண்டு. மண்டிக்காரரோ, லாரி புக்கிங் அலுவலகக்காரரோ, சீட்டு நடத்துபவரோ புதுக் கணினி வாங்கி, பல ஆண்டுகளாகப் பழகிய கணக்கு நிரலைத் தட்டினால் அது திறப்பதில்லை. கணினி விற்றவரைக் கேட்டால் மென்பொருளையும் புதிதாக வாங்கச் சொல்கிறார். பழைய பேரேட்டை யார் மாற்றித் தருவது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைப்பதில்லை.

ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். எடைச் சிட்டை, தரகு, விவசாயிகளின் பற்று வரவு எல்லாம் அங்கே ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற டாஸ் காலத்துத் தரவுத்தள மென்பொருளில் இருந்தன. பெட்டியைத் திறந்தபோது மின்விசிறியின் இறக்கைகளில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை. இன்னும் ஒரே ஒரு முறை போட்டுப் பாக்கிப் பட்டியலை மட்டும் அச்சடித்துக்கொள்கிறேன் என்று உரிமையாளர் கேட்டார். நம் உறுப்பினர்கள் உறுதியாக மறுத்தார்கள். அந்த மறுப்புத்தான் கணக்கைக் காப்பாற்றியது. சாகக் கிடக்கும் டிஸ்கைக் கணினியோடு எழுப்பினால் அது படிப்பதோடு நிற்காது, எழுதவும் தொடங்கும். டிஸ்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி, ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு முழு நகல் எடுத்தோம். நன்றாக உள்ள பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அந்த நிரலின் முறை.

அதன் பின் எல்லா வேலையும் நகலில்தான். ஃபாக்ஸ்புரோ பதிவுகளைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பின் தலைப்பில் ஐந்தாவது பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் பதிவு கோப்பில் ஏறியிருக்கும், எண்ணிக்கை மட்டும் பழையதாகவே நிற்கும். கடைசி வரிகள் கண்ணுக்குத் தெரியாது. 2012இன் மின்வெட்டைக் கண்ட நம் பகுதியில் இப்படிப்பட்ட கோப்புகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணிக்கையைக் கோப்பின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்தியதும் வரிகள் திரும்பின. இன்னொன்றும் கிடைத்தது. ஃபாக்ஸ்புரோவில் ஒரு பதிவை அழித்தால் அதன் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ கட்டளை கொடுக்கும்வரை பதிவு அங்கேயே இருக்கும், ‘ரீகால்’ என்றால் எழுந்து வரும். தவறுதலாக அழிந்துபோன ஒரு விவசாயியின் முன்பணக் கணக்கு அப்படித்தான் மீண்டது. நம்மிடம் உள்ள பழைய நிரல்கள் எவ்வளவு நேர்மையாகக் கட்டப்பட்டவை என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இப்போது அந்தக் கணக்கு புதிய கணினியில் பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓடுகிறது. மூல டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, அச்சு வேலைக்கு ஏற்றதல்ல. எக்ஸ் பதிப்பில் அச்சுப்பொறிக்கு வழி இருக்கிறது. பழைய டாட் மேட்ரிக்ஸிலேயே சிட்டை அச்சாகிறது.

நூற்பாலையில் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தது வேறு வகை. நூல் கவுண்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) கணக்கிட, டர்போ பாஸ்கல் என்ற டாஸ் காலத்து நிரல்மொழியில் எழுதிய நிரல், வேகமான ஒரு கணினியில் ‘ரன்டைம் எரர் 200’ காட்டி நின்றது. அது பூச்சியத்தால் வகுத்ததற்கான பிழை எண். உண்மையில் யாரும் பூச்சியத்தால் வகுக்கவில்லை. தாமதத்தை அளக்க நிரல் தொடக்கத்தில் ஒரு சுற்றை எத்தனை முறை ஓட்ட முடிகிறது என்று எண்ணி வகுக்கிறது. செயலி வேகமாக இருந்தால் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போகிறது, செயலி அதையும் வகுத்தல் பிழையாகவே அறிவிக்கிறது. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்ததும் நிரல் ஓடியது.

ஆனால் எல்லாவற்றையும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர் மென்பொருளுக்குள் அடைத்துவிடலாம் என்று சில இளைய உறுப்பினர்கள் வாதிட்டதை நான் ஏற்கவில்லை. கணக்கு நிரலுக்கு அது சரி. இயந்திரத்தோடு கம்பி வழியாகப் பேசும் கணினிக்கு அது பொருந்துவது அரிது. சாயப்பட்டறைகளில் நிறம் பொருத்தும் மென்பொருள் பாரலல் போர்ட்டில் (பழைய அச்சுப்பொறி இணைப்பில்) செருகிய டாங்கிள் என்ற உரிமச் சாவி இல்லாமல் திறக்காது. ஐஎஸ்ஏ என்ற பழைய வகை அட்டை வழியாக இயங்கும் சோதனைக் கருவிக்கு அந்த அட்டை பொருந்தும் மதர்போர்டுதான் வேண்டும். அவற்றுக்குப் பழைய உதிரிபாகங்களைச் சேர்த்து வைப்பதே வழி.

கோவை கணபதியில் உள்ள ஒரு லேத் பட்டறையில் கற்ற பாடத்தை எல்லாப் பட்டறைக்காரர்களும் குறித்துக்கொள்ளுங்கள். பல பழைய சிஎன்சி (கணினி கட்டுப்படுத்தும்) இயந்திரங்களின் பாராமீட்டர்கள், அதாவது அமைப்பு மதிப்புகள், பேட்டரியின் தயவில் நிற்கும் நினைவகத்தில் இருக்கின்றன. பேட்டரியை மாற்றும்போது கன்ட்ரோலுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் பாராமீட்டர்கள் போய்விடும், லேத் வெறும் இரும்பாக நிற்கும். அதற்கு முன்பாகவே ஆர்எஸ்-232 கேபிள் வழியாக எல்லாவற்றையும் ஒரு கணினியில் இறக்கி, தாளிலும் அச்சடித்து வையுங்கள்.

திருப்பூர் எம்பிராய்டரி யூனிட்டுகளில் ஃபிளாப்பி டிரைவை எடுத்துவிட்டு, பென் டிரைவை ஃபிளாப்பியாகக் காட்டும் கோடெக் (Gotek) கருவியைப் பொருத்தும் வேலை தொடர்ந்தது. சோனி ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை 2011 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது, இனி நல்ல டிஸ்க் தேடுவது வீண். வாங்கும் முன் இயந்திரம் 720 கேபி டிஸ்க் கேட்கிறதா, 1.44 எம்பி கேட்கிறதா என்று பாருங்கள், இரண்டுக்கும் கோடெக் மாடல் வேறு. பழைய டிசைன்களை டிஸ்கோடு எறிந்துவிடாதீர்கள். எம்பிராய்டரி டிசைனைச் சேமிக்கும் டிஎஸ்டி கோப்பில் ஒரு தையலுக்கு மூன்று பைட்டுகள்தான் செலவு. ஒரு யூனிட்டின் ஆயுட்கால டிசைன்கள் ஒரு சிறு பென் டிரைவில் அடங்கிவிடும்.

அச்சகக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய திருமண அழைப்பிதழ்களின் பேஜ்மேக்கர் கோப்புகளை நகலெடுக்கும்போது தமிழ் எழுத்துருக்களையும் உடன் எடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்கள் இல்லையென்றால் திரையில் வருவது வெறும் ஆங்கிலக் குப்பை.

எக்ஸ்பி, விண்டோஸ் 98 ஓடும் எந்தக் கணினியையும் இணையத்தில் இணைக்க வேண்டாம் என்பது செயற்குழுவின் தீர்மானம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. 2017 மேயில் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீம்பொருள் பரவியபோது அதற்கும் தனியே ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்ததை மறக்கக் கூடாது. நிரல்களின் உரிமம் வைத்திருப்போருக்கு மட்டுமே நகல், நிறுவல் உதவி என்ற தீர்மானமும் நிறைவேறியது. பழைய மென்பொருள் என்பதால் அதன் பதிப்புரிமை காலாவதியாகிவிடவில்லை. இதில் எனக்கும் முழு உடன்பாடு. டாஸ் தேவைப்பட்டு உரிமம் இல்லாதவர்களுக்கு ஃப்ரீடாஸ் இருக்கிறது. அதன் 1.4 பதிப்பு இந்த ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது, இலவசமாகவே கிடைக்கிறது.

வரும் ஆண்டுக்கு ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். ஓடும் பட்டறையில் கணினியைக் கழற்ற யாரும் நேரம் தருவதில்லை. ஆயுத பூசைக்கு எல்லா இயந்திரங்களும் நின்று துடைக்கப்படுகின்றன. அந்த விடுமுறை நாட்களில் குழுக்களாகப் பிரிந்து, கேட்கும் பட்டறைகளுக்குச் சென்று டிஸ்குகளையும் பாராமீட்டர்களையும் நகலெடுப்போம். நகல் உரிமையாளரிடமே இருக்கும், சங்கம் எதையும் வைத்துக்கொள்ளாது. தங்கள் பட்டறைக்கு வேண்டுவோர் இயந்திரத்தின் பெயர், கணினியின் வகை, அதில் உள்ள போர்ட்டுகள் ஆகியவற்றை எழுதி இணைச்செயலாளரிடம் கொடுங்கள். உதவிக்கு வர விரும்புவோர் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும், மற்றதை உடன் வருபவர்கள் சொல்லித்தருவார்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று அங்கீகரிக்க வேண்டுகிறேன். நன்றி.

செயலாளர்