குளிர் ஊருக்கும் ஃபேன் வேண்டும்: மலையகக் கராஜ் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாஸ்மாருக்கு,

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலையில் ஒரு சின்னக் காரை வைத்து ஹயர் ஓடுகிறேன். உங்கள் கைவேலையை நம்பித்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் என் காரில் எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் ஃபேன் சத்தம் போட ஆரம்பித்தது. டவுனில் நிற்கும்போது கர்ர் என்று ஒரு இரைச்சல், பானட்டே நடுங்கும். ஒரு கராஜில் காட்டினேன். அங்கிருந்த தம்பி ஃபேன் பிளக்கைக் கழற்றினார், சத்தம் நின்றது. “நம்ம ஊர்க் குளிருக்கு இது தேவையே இல்லண்ணே, அப்படியே ஓடுங்க” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

நான்காம் நாள் காலை, பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவரை நுவரெலியாவுக்குக் கிளினிக் கூட்டிப்போனேன். நானுஓயா ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். வெளியே கை விறைக்கிற குளிர், எஞ்சின் சூடு காட்டும் முள்ளோ சிவப்பைத் தாண்டிவிட்டது. நிறுத்துவதற்குள் பானட்டிலிருந்து ஆவி. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. பணத்தை எப்படியோ புரட்டிவிட்டேன். ஆனால் தூறலில் குடையோடு ரோட்டோரம் நின்ற அந்த அம்மாவுக்கு அன்று கிளினிக் தவறிப்போனது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

குளிர் ஊர் என்ற பேச்சை நாம் விட வேண்டும். சமதரையில் ஐம்பது, அறுபதில் ஓடும்போது முன்னாலிருந்து அடிக்கும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நம் ரோட்டில் அது எங்கே கிடைக்கிறது? ஏற்றத்தில் எஞ்சின் முழு மூச்சாக இழுக்கும், வண்டியோ ஆள் நடக்கிற வேகத்தில் போகும். அந்த நேரத்தில் காற்றைத் தருவது ஃபேன் மட்டும்தான். இன்னொன்று, நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் இறுக்கம்தான் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொதிக்க விடாமல் பிடித்துவைக்கிறது. மூடி தளர்ந்த வண்டிக்கு ஃபேனும் இல்லையென்றால் மேலே போகப்போக ஆபத்துதான்.

அப்புறம் என் காரைப் பார்த்தவர் ஒரு வயதான பாஸ். ஹெட் வேலை முடிந்ததும் ஃபேன் பிளக்கைத் திரும்பச் செருகி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, “ஏசியைப் போடு” என்றார். ஃபேன் சுற்றியது, சத்தம் வந்தது. ஏசியை நிறுத்தினால் சத்தமும் நின்றது. மறுபடி போட்டு, அக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். எஞ்சின் ஏறியது, அந்த இரைச்சல் மட்டும் ஏறவில்லை. பெல்ட், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பேரிங் சத்தமெல்லாம் எஞ்சினோடு கூடிக் குறையும், மோட்டர் ஃபேன் தன்பாட்டில் ஓடும் என்று விளக்கினார். அவ்வளவுதான், குற்றவாளி பிடிபட்டது.

சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் ஃபேனில் கை வைத்தார். எஞ்சின் நின்ற பிறகும் சூட்டில் ஃபேன் தானாகச் சுற்றும், விரல் போய்விடும் என்றார். இதை உங்கள் கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். கையால் சுற்றிப் பார்த்தபோது ஒரு இறக்கையின் நுனி உடைந்திருந்தது. அந்தத் துண்டு பிளாஸ்டிக் கூட்டுக்கு அடியில் காய்ந்த இலைகளோடு கிடந்தது. பாரம் ஒரு பக்கமாகிச் சுற்றியதால் மோட்டர் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்து, இறக்கையைப் பிடித்து அசைத்தால் ஆடியது. ஆட்டம் இல்லாமலிருந்தால் இறக்கையை மட்டும் மாற்றியிருக்கலாம், இப்போது மோட்டரும் வேண்டும் என்றார். பார்த்து முடிக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கொழுந்து லொறிகளிலும் பழைய டீசல் வேன்களிலும் மோட்டர் இல்லாமல் எஞ்சினே சுற்றிவிடுகிற கிளச் ஃபேன் இருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒன்றிரண்டு நிமிடம் இரைவது அதன் இயல்பு. நாள் முழுக்க இரைந்தால் கிளச் இறுகிவிட்டது என்று சந்தேகப்படலாம். என் காரில் இருப்பது போன்ற மோட்டர் ஃபேன், இரைச்சல் இல்லாமல், ஆனால் ஓயாமல் முழு வேகத்தில் ஓடினால் அது வேறு கதை. தண்ணீர் குறைவா, ரேடியேட்டர் அடைப்பா, சூடு பார்க்கும் சென்சர் வயர் அறுந்ததா என்று தேட வேண்டும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. வேலை குவிந்து கிடக்கும் நாளில் பிளக்கைக் கழற்றுவது சுலபம் என்பதும் எனக்குப் புரிகிறது. சாமான் வரும்வரை கழற்றித்தான் வைக்க வேண்டுமென்றால் வண்டியைக் கராஜிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் எடுத்தே ஆவேன் என்று நின்றால், “ஃபேன் இல்லை, ஏற்றம் ஏறாதே” என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிக் கொடுங்கள். எனக்கு அன்று அப்படி ஒரு அட்டை கிடைத்திருந்தால் அந்த அம்மாவை பஸ் ஏற்றி அனுப்பியிருப்பேன்.

அன்புடன்,
தலவாக்கலையிலிருந்து ஒரு ஹயர்க்காரன்