கர்ப்பத்தைத் திகில் படமாக எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்தக் காசையும் நண்பர்களின் காசையும் போட்டு, கர்ப்பத்தையும் தாய்மையையும் வைத்துச் சுயாதீனமாகத் திகில் படம் எடுக்கிறவர்களுக்கு வணக்கம்.

"இதையெல்லாம் போய் பேய்ப்படமாக எடுப்பார்களா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. எடுங்கள். பிள்ளை பெற்றவளாக உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

மகள் பிறந்து மூன்றாவது வாரம். நடுராத்திரியில் பால் கொடுத்துவிட்டு, அவளைத் தோளில் சாய்த்தபடி மாடிப்படியின் மேலே நிற்கிறேன். என் கை விலகி அவள் கீழே உருள்வது கண்முன் தெரிந்தது. நான் அசையக்கூட இல்லை. அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து பல வாரங்கள், அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் பார்த்த படங்களில் அப்படி ஒரு எண்ணம் வந்த அம்மாக்கள் எல்லாம் கடைசிக் காட்சியில் அதைச் செய்துவிடுகிறார்களே, சொன்னால் பிள்ளையை என்னிடம் விடுவார்களா?

இப்படி வேண்டாத காட்சிகள் மனதில் புகுவது புதிதாகப் பெற்ற தாய்மாரில் ஏராளமானோருக்கு நடக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த எண்ணம் வந்ததற்கே அவள் நடுங்கிப்போகிறாள். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனப்பிறழ்வு வேறு. 1000 பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் அந்த நோயில், இல்லாத ஒன்று அவளுக்கு முழு உண்மையாகவே தெரியும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும், போனால் குணமாகும். மனச்சோர்வு இன்னொன்று, அது இதைவிட மிக அதிகம் பேருக்கு வருகிறது. படங்களிலோ மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, தலைமுடியை விரித்துவிட்டு, கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

தயவுசெய்து ஒரு தாயின் மனக்கலக்கத்தைக் கிளைமாக்ஸ் திருப்பத்துக்காகப் பயன்படுத்தாதீர்கள்.

பயத்துக்கா பஞ்சம்? கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவே ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. பிரசவமாகி 27 ஆண்டுகள் கழித்தும் பிள்ளையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. கேட்காமலே வயிற்றில் கை வைக்கிறவர்களை எடுங்கள். "வலிக்கிறது" என்று அவள் சொல்ல, "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று அறையே பதில் சொல்வதை எடுங்கள். அப்புறம், ஒட்டுவயிறு கட்டிய நடிகை கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்து ஓடுவதை நிறுத்துங்கள். எட்டாம் மாதத்தில் முதலில் பக்கவாட்டில் புரள வேண்டும், கையை ஊன்ற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போது அந்த எழுந்திருத்தலைவிட நீளமான காட்சி உண்டா? ஆலிஸ் லோ 2016இல் வந்த 'ப்ரிவெஞ்ச்' படத்தை நிஜமாகவே கர்ப்பமாக இருந்தபோது எழுதி, இயக்கி, நடித்தார். அந்த வயிறு அவருடையது.

ஜெனிஃபர் கென்ட் எடுத்த 'தி பாபடூக்' (2014) படத்து அம்மாவும் மகனைக் கொல்லும் எல்லை வரை போகிறாள். போய்த் திரும்பி வருகிறாள். முடிவில், அவர்களை ஆட்டிப்படைத்த பூதம் சாவதில்லை. வீட்டின் நிலவறையில் இருக்கிறது, அவள் அதற்குத் தீனி கொண்டுபோய் வைக்கிறாள். அதைப் பார்த்து முடித்த இரவில்தான் என் கணவரிடம் மாடிப்படியைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதனால்தான் உட்கார்ந்து இறங்கினாயா?" என்று மட்டும் கேட்டார்.

திரைக்கதையை எழுதி முடித்ததும், படப்பிடிப்புக்குக் கிளம்பும் முன், பிள்ளை பெற்ற இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். எனக்கு அனுப்பினாலும் ஒரே மூச்சில் படித்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு அம்மா