மரப்பிடி மடக்குக் கத்தி: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. டாக்டர் சரி என்று சொல்லும்வரை உப்புத்தாள், சாணைக்கல் பக்கமே போகாதே, தூசி பட்டால் வம்பு. அதுவரை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள். நீ கேட்டவை எல்லாவற்றுக்கும் இதில் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்த 8-ஆம் எண் ஓப்பினல் மடக்குக் கத்தி. வாங்கியபோது சுளுவாகத் திறந்த கத்தி, மழை பிடித்ததும் நகமே பெயர்ந்துவிடும்போல இறுகிவிட்டது, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சரக்கில் குறை இல்லை. அதன் பிடி பீச் மரம். காற்றில் ஈரம் ஏறினால் மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது, குறுக்கேதான் உப்பும். அந்தப் பிடி ஒற்றைத் துண்டு. நடுவே காடி அறுத்து, தலைப்பில் அலகை நுழைத்து, குறுக்கே ஒரு ரிவிட் அடித்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பைச் சுற்றி, உலக்கைக்குப் போடுவதுபோல ஓர் எஃகுப் பூண். மரம் வெளிப்பக்கம் உப்பப் பார்த்தால் பூண் விடாது. மிச்சம் இருக்கும் ஒரே வழி உள்பக்கம், அதாவது அலகு நிற்கும் காடி. இரண்டு கன்னமும் சேர்ந்து அலகை நெரிக்கின்றன.

இறுகிய அலகை நகத்தால் இழுக்காதே, குறடு வைத்தும் இழுக்காதே. பூணின் மேல் சுழலும் வளையத்தைத் திருப்பிப் பூட்டை விடுவித்துக்கொள். காடி கீழே பார்க்கும்படி பிடித்து, பிடியின் அடிக்கோடியைக் கெட்டியான மர விளிம்பில் ஒரு தட்டு தட்டு. அலகு சற்று வெளியே வரும், பிறகு இரண்டு விரலால் முதுகைப் பிடித்துத் திறந்துவிடலாம். விரல்கள் காடியின் வாய்ப்பக்கம் இருக்கக் கூடாது. இந்தக் கத்தி பிறந்த பிரான்சின் சவோய்ப் பகுதியில் இதற்குச் சவோய்க்காரன் தட்டு என்றே பெயர்.

திறந்ததும் அலகைப் பாதி விரித்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் வைத்துவிடு. வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் ரிவிட் இருக்கும் இடத்தில் மரம் வெடிக்கும். உலர்ந்த பிறகும் இறுக்கம் குறையாவிட்டால்தான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. உப்பிய நிலையில் தேய்த்து எடுத்துவிட்டால், வறண்ட மாதம் வந்து மரம் சுருங்கும்போது அலகு காடிக்குள் லொடலொட என்று ஆடும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

தேய்க்கும் முறை இதுதான். 240 எண் உப்புத்தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டிக்கொள். அலகைப் பாதி திறந்து, கீற்றின் சொரசொரப்பு மரத்தையும் முதுகு அலகையும் பார்க்கும்படி இடுக்கில் நுழை. பத்து இழுப்பு. அடுத்த கன்னத்துக்கும் அதே பத்து. தூசியை ஊதிவிட்டு, திறந்து மூடிப் பார். போதாவிட்டால் இன்னொரு பத்து. அலகு தன் எடையில் தொங்கி விழும் அளவுக்குப் போகாதே. இலேசான பிடிப்பு இருப்பதுதான் நல்லது, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும்போது அது இரண்டு பக்கமும் இடம் கொடுக்கும்.

பிறகு எண்ணெய். சமையலறையில் இருக்கும் எண்ணெய் எதுவும் ரிவிட் பக்கம் வேண்டாம், நாளடைவில் பிசின் மாதிரி ஆகி அழுக்கைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் உலர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும். ஆனால் ஆலை வார்னிஷ் மேல் தடவினால் உள்ளே இறங்காது. மேல்பூச்சை முதலில் 240, அடுத்து 400 எண் தாளில் நீக்கிவிட்டு, மெல்லிய பூச்சாகத் தடவி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடு. நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. மூன்று பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதே. உலரும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும் எண்ணெய் அது. தண்ணீரில் நனைத்தோ, விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும். காடியின் உள்கன்னத்துக்கு வாஸ்லின் நல்லது. ஹேர் டிரையரில் தலைப்பை இலேசாகச் சூடுபடுத்தித் தடவினால் உருகி நாருக்குள் இறங்கும். ஆனாலும் எந்த எண்ணெயும் ஈரத்தை முழுக்கத் தடுத்துவிடாது. ஏறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கத்தியைத் தண்ணீரில் ஊறவிட்டால் இத்தனை வேலையும் வீண். அலகை மட்டும், முனை கீழே பார்க்கப் பிடித்துக் கழுவி, துடைத்து, திறந்தபடியே உலரவிடு.

அடுத்து வளையம். பூணின் மேல் சுழலும் அந்தப் பிளந்த வளையம்தான் பூட்டு. திருப்பினால் பிளவு விலகி, திறந்த அலகின் அடிக்குப் பின்னால் வளையத்தின் விளிம்பு வந்து நிற்கிறது, அலகு மடங்க வழியில்லை. வளையம் தானாகச் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் அதைக் கழற்றி, இரண்டு முனையையும் துளி நெருக்கி மாட்டு. விரல் நோகும் அளவுக்கு இறுகியிருந்தால் துளி விரித்து மாட்டு. கழற்றுவதற்குச் சர்க்கிளிப் பிளையர், அதாவது பிளந்த வளையத்தை விரித்துக் கழற்றும் குறடு, வேண்டும். வளையம் துள்ளித் தெறிக்கும், ஆகவே மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய். உன் கண் முழுக்க ஆறும்வரை இந்த வேலை வேண்டவே வேண்டாம். உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சும் நூலும்தான் பாதி நேரம் இறுக்கத்துக்குக் காரணம். முதலில் ஒரு பல்குச்சியால் சுத்தம் செய்து பார்க்கச் சொல்.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்டிருந்தாய். எனக்குக் கார்பன்தான். இந்த வகைக் கத்தியின் பெருமையே அலகின் மெல்லிய தன்மை. முதுகிலேயே 2 மில்லிமீட்டருக்குக் குறைவு, அங்கிருந்து வெட்டும் வாய் வரை இன்னும் இளைத்துக்கொண்டே வரும். ஆப்பிளை அறுத்தால் விரிசல் விடாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓப்பினலின் கார்பன் அலகு ஏறத்தாழ 0.9 விழுக்காடு கரி சேர்ந்த எஃகு. கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், தீட்டும்போது வாயின் விளிம்பில் எழும் பிசிறு சுலபமாக உதிரும். ஆனால் ஈரத்தோடு ஓர் இரவு மடித்து வைத்தால் காலையில் செம்புள்ளி நிச்சயம். கடற்கரை, படகு, தினமும் எலுமிச்சை அறுக்கும் சமையலறை என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்கு. அவர்கள் போடும் சாண்ட்விக் எஃகில் 13 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் இருக்கிறது, அதுவும் நன்றாகத் தீட்டக்கூடிய எஃகுதான். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: மெல்லிய அலகால் எதையும் நெம்பாதே. டப்பா மூடியைத் திறக்கப்போய் முனை ஒடிந்த கத்திகள்தான் பழைய சாமான்களில் அதிகம்.

கார்பன் அலகுக்குச் சாம்பல் நிறப் படலம் ஏற்றிவிடலாம். அலகைச் சோப்பால் கழுவி எண்ணெய்ப் பசை போக்கி, வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த காகிதத்தை அலகில் மட்டும் சுற்று. மரத்தில் படக் கூடாது. அரை மணியில் எடுத்துத் துடைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மினரல் ஆயில் ஒரு சொட்டு தேய். காகிதம் சுருங்கிய இடங்களில் திட்டுத்திட்டாக வரும். எனக்கு அது அழகாகவே படுகிறது. உனக்கு ஒரே சீராக வேண்டுமென்றால் அவசரப்படாமல் பழமும் வெங்காயமும் நறுக்கிக்கொண்டே இரு, சில மாதங்களில் தானாக வரும். அமிலம் வாயையும் சற்று அரித்திருக்கும், அதனால் படலம் ஏற்றிய பிறகு தீட்ட வேண்டும்.

தீட்டும்போது கோணம் என்று பயமுறுத்துவார்கள். ஸ்கேல் இருந்தால் போதும். அலகின் அகலம் 18 மில்லிமீட்டர் என்று வை. முதுகு கல்லிலிருந்து 6 மில்லிமீட்டர் எழும்பினால் ஏறத்தாழ 20 பாகை. 4.5 முதல் 5 என்றால் 15. பழமும் காகிதமும் அறுக்க 15, மரம் சீவ 20. 1000 எண் கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து, மறுபக்கம் விரல் நுனியில் பிசிறு தட்டுப்படும்வரை போ. அடி முதல் முனை வரை முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பாதியில் மாற்றுவதுதான் எவ்வளவு தேய்த்தும் கூர் வராததற்குக் காரணம். இரண்டு பக்கமும் ஆன பிறகு 3000 எண் கல்லில் எடை கொடுக்காமல் சில இழுப்பு, கடைசியில் தோல் வாரில் முதுகுப் பக்கமாக இழுத்தால் பிசிறு போய்விடும்.

சேகரிப்பதைப் பற்றி. விலை குறைவு என்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் தோன்றும். எண்ணிக்கைக்காக வாங்காதே, பொறிமுறைக்காக வாங்கு. வளையப் பூட்டு உன்னிடம் இருக்கிறது. இத்தாலியின் மணியாகோவில் செய்யும் ஓல்ட் பேர் கத்தியும் அதே வளைய வகைதான். அடுத்ததாக நியூசிலாந்தின் ஸ்வோர்ட் பெசன்ட் வாங்கு. அதில் பூட்டே கிடையாது. அலகுக்குப் பின்னால் ஒரு நீண்ட வால் இருக்கும். திறந்ததும் அந்த வால் பிடியின் முதுகோடு படியும், உள்ளங்கை அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் அலகு மடங்காது. பிடி இரண்டு பலகைகளைத் திருகாணியால் சேர்த்தது. கழற்றி, உள்ளே ஒரு கத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. மூன்றாவதாக ஒக்காப்பி. 1902-இல் ஜெர்மனியில், ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்புவதற்காகத் தொடங்கியது, இப்போது தென்னாப்பிரிக்காவில் செய்கிறார்கள். திறக்கும்போது பல்சக்கரம் கட கட என்று ஏறும். முதுகில் இருக்கும் சின்ன வளையத்தைத் தூக்கினால்தான் மடங்கும். போர்ச்சுகலின் மாம் கத்திகளும் மலிவு, பீச் பிடி, கையில் ஒன்று இருக்கலாம். பிரான்சின் நோன்ட்ரோன் பாக்ஸ்வுட் பிடியும் சூட்டு முத்திரையுமாக மிக அழகு, ஆனால் மலிவுக் கணக்கில் வராது.

பேத்திக்கு ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டாய். ஓப்பினலில் முனை மழுங்கிய 7-ஆம் எண் சிறுவர்களுக்கென்றே வருகிறது, அதைக் கொடு. பிரிட்டனில் இருக்கும் உன் மகனுக்கு அனுப்புவதாக இருந்தால் 8-ஆம் எண்ணை அனுப்பாதே. அங்கே தக்க காரணமில்லாமல் வெளியில் எடுத்துச் செல்ல, பூட்டில்லாத மடக்குக் கத்தியாகவும் வாய் 3 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஓப்பினலில் 2 முதல் 5 வரை உள்ள எண்களுக்குப் பூட்டு வளையம் கிடையாது, அதில் 5 பொருத்தமாக இருக்கும்.

கடைசியாக, பரணில் கிடைத்ததாக நீ எழுதிய அந்தத் துருப்பிடித்த ஓப்பினல். எனக்கு அதன்மேல்தான் கண். ஜோசப் ஓப்பினல் இந்தக் கத்தியை 1890-இல் செய்தார். 1897-இல் 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகள் வந்தன, 1935-இல் 1-ஐயும் 11-ஐயும் நிறுத்திவிட்டார்கள். வளையப் பூட்டு 1955-இல்தான் வந்தது. அப்போது அது திறந்த நிலையில் மட்டும் பூட்டும். மூடிய நிலையிலும் பூட்டுவது 2000-இலிருந்து. ஆகவே 6 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணாக இருந்து, வளையமே இல்லாமல், கழன்று விழுந்த தடயமும் இல்லாமல் பூண் மட்டும் இருந்தால், 1955-க்கு முந்தியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அலகில் கிரீடமும் கையும் பொறித்த முத்திரை தெரிகிறதா பார். மடித்தால் முனை காடிக்குள் முழுக்க மறைகிறதா, அடிப்பக்கம் அகலமாகவும் நடுவில் குழிந்தும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். குழிந்திருந்தால் தலைமுறை கடந்து தீட்டிய அலகு. ரிவிட்டைச் சுற்றி மரத்தில் கீறல் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

இதையெல்லாம் பார்த்து, அலகின் நீளத்தையும் அளந்து எனக்கு எழுது. அதுவரை அதை எந்த மெஷினிலும் கொடுத்துத் தேய்க்கவிடாதே, முத்திரை போய்விட்டால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அலகில் மெல்லிய எண்ணெய் தடவி, நான்கு சுழி (0000) எண் போட்ட மிக மெல்லிய எஃகு நாரால் கையாலேயே இலேசாகத் தேய்த்தால் மேல் துரு போகும். தோல் உறையில் போட்டு வைக்க வேண்டாம், தோலின் ஈரமும் பதனிட்ட சாரமும் சேர்ந்து துருவைக் கூட்டும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்துவிடு, பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமு